வயல்ல வாய் மூடாத நாரை: மூக்கு உடைஞ்சிருக்கா, பிறவியே அப்படியா?

வரப்போரம்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. பத்து வருசம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்துட்டு, போன வருசம்தான் ஊரோட வந்து அப்பாகூட விவசாயம் பார்க்கிறேன். அதனால வயல்ல எனக்குத் தெரியாதது நிறைய. சிரிக்காம பதில் சொல்லுங்க.

புரட்டாசியில சம்பாவுக்குத் தொழி ஓட்டினப்போ, டிராக்டர் பின்னாலேயே வழக்கம்போல கொக்கும் மடையானும் வந்துச்சு. அதுங்க நடுவுல பெருசா ஒரு கூட்டம். எண்ணினேன், 14. உடம்பு அடுப்புப் புகை ஏறின வெள்ளை வேட்டி நிறம். இறக்கையோட பின்பாதியும் வாலும் கறுப்பு, வெயில்ல திரும்பினா லேசா பச்சை மினுமினுக்குது. நின்னா என் தொடை உயரம் வரும். இதுவரைக்கும் சரி. மூக்குதான் எனக்குப் புரியலை. வாயை மூடியிருக்கும்போதே நடுவுல ஒரு சந்து. அடியில சேருது, நுனியில சேருது, நடுவுல சேரலை. அந்தச் சந்து வழியா அந்தாண்ட வரப்பு தெரியுது.

முதல்ல ஏதோ ஒண்ணுக்கு அடிபட்டிருக்குன்னு நினைச்சேன். அடுத்ததுக்கும் அப்படியே, அதுக்கு அடுத்ததுக்கும் அப்படியே. போன வாரம்தான் பக்கத்து வயல்ல குருணை மருந்து தெளிச்சாங்க, அதனால ஏதாவது ஆயிடுச்சோன்னு வயித்துல புளியைக் கரைச்சது. செல்போன்ல எடுத்த படத்தைப் பெருசாக்கிப் பார்த்தா, கீழ்மூக்கு நுனி நேராக்கூட இல்லை, ஒரு பக்கமா கோணியிருக்கு.

இதுக்கு மேல என் மகள் ஒரு குண்டைப் போட்டா. ஏழு வயசு. "அப்பா, மூணு பறவைக்கு வாய் நல்லாத்தான் இருக்கு"ன்னா. பார்த்தா நிஜம்தான். அந்த மூணும் கொஞ்சம் பழுப்பு, மூக்கு இடுக்கே இல்லாம மூடுது. அப்போ பதினொண்ணு உடைஞ்சது, மூணு நல்லதா?

இப்ப கார்த்திகை. மறுபடி ஒரு கூட்டம் வந்திருக்கு. அதே கோணல் மூக்கு, ஆனா உடம்பு பால் வெள்ளை. இது வேற சாதியா?

அப்பாகிட்ட கேட்டா "நத்தகுத்திடா, அது அப்படித்தான்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். அப்படித்தான்னா எப்படி? நட்ட நாத்தை மிதிச்சு வைக்குமான்னு வேற ஒரு கவலை.

இறகு:

உங்கள் அப்பா சொன்னது முழுக்கச் சரி. நத்தைக்குத்தி நாரை. மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம். புகை நிறமும் பால் வெள்ளையும் ஒரே பறவைதான். இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது வெளுக்கும், முடிந்ததும் மங்கும். ஆசியாவில் உள்ள நாரைகளில் சின்னது இதுதான். சாம்பல் நாரை என்று நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. அதன் பெயரில்தான் நாரை, அது கொக்கு இனம். பறக்கும்போது பாருங்கள்: கொக்கு இனம் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும், இது நேராக நீட்டிக்கொண்டு பறக்கும். சிலர் செங்கால் நாரை என்றும் சொல்லிவிடுவார்கள். அதற்கு மூக்கும் காலும் நல்ல சிவப்பு, மூக்கில் சந்தும் கிடையாது, குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வருவது.

அந்தச் சந்து பாக்குவெட்டி மாதிரி. நத்தையை அதில் வைத்து நெரித்து ஓட்டை உடைக்கத்தான் அப்படி அமைந்திருக்கிறது.

பழைய லஸ்கர்:

தம்பி, பேத்தி போன்ல பேசிப் பேசி எழுத்தாக்குறேன். தப்பு இருந்தா அது போனோட தப்பு.

பொதுப்பணித்துறையில 31 வருசம் லஸ்கரா இருந்தேன். உங்க பக்கத்து ஏரிதான், பேரு வேண்டாம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு மதகுக்குப் போய் அளவுக்கல்லுல தண்ணி எவ்வளவுன்னு பார்த்து நோட்டுல எழுதணும், ஷட்டரை ரெண்டு சுத்து ஏத்தணும், இறக்கணும், அவ்வளவுதான் வேலை. மீதி நேரமெல்லாம் இந்த நத்தகுத்தியைத்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சம்பளம் கொடுத்துப் பறவை பார்க்கச் சொன்ன மாதிரி.

இறகு சார் சொன்னதுல நிறம், கழுத்து எல்லாம் சரி. பாக்குவெட்டி சமாச்சாரத்தை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். இந்தப் பறவை மேஞ்ச மடைவாய்ல குனிஞ்சு பாருங்க. காலி ஓடு கிடக்கும். பெரிய நத்தை ஓடு ஒண்ணுகூட உடைஞ்சிருக்காது. குழந்தைங்க பொறுக்கி விளையாடுற அளவுக்கு முழுசா இருக்கும். பாக்குவெட்டியில வெட்டின பாக்கு முழுசாவா இருக்கும்?

அது எப்படித் தின்னுதுன்னு தெரிஞ்சுக்க எனக்கே நாலஞ்சு வருசம் ஆச்சு, ஏன்னா எல்லாம் தண்ணிக்கு அடியில நடக்குது. முழங்கால் முங்காத தண்ணியில மெதுவா நடக்கும். மூக்கு நுனி ரெண்டையும் லேசா விலக்கி வெச்சுக்கிட்டு, தையல் மிஷின் ஊசி மாதிரி செங்குத்தா சளக் சளக்னு சேத்துல குத்தும். கண்ணால தேடுறதே இல்லை. கலங்கின தண்ணியில கண்ணு என்ன செய்யும்? மூக்குல தட்டுப்பட்டதும் நின்னுடும். தலை பாதி தண்ணிக்குள்ள, தோள்பட்டை மட்டும் அசையும், நம்ம வீட்டுப் பெரியவங்க மாவு பிசையற மாதிரி. தலையைத் தூக்கும்போது நுனியில வெறும் சதை தொங்கும். ஒரு உதறு, விழுங்கிடும். ஓடு தண்ணிக்குள்ளேயே கிடக்கும்.

ஒரு தடவை தண்ணி வடியற நாள்ல, கணுக்கால் ஆழத்துல ஒண்ணு மேஞ்சது. அன்னைக்குத்தான் தெளிவாப் பார்த்தேன். மேல்மூக்கால ஓட்டை அமுக்கிப் பிடிச்சுக்கிச்சு. கீழ்மூக்கோட கோணல் நுனியை நத்தையோட மூடிக்கு இடையில சொருகி, உள்ள பிடிச்சிருக்கிற தசையை அறுத்துச்சு. மூடி தனியா வந்திடுச்சு, சதை அப்படியே உருவி வந்தது. நீங்க படத்துல பார்த்த கோணல் அதுக்குத்தான். வலது பக்கமாத்தானே கோணியிருக்கு? வீட்டுல ஒரு வயல் நத்தை ஓட்டை எடுத்து நுனி மேல இருக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடிச்சு, வாய் உங்களைப் பார்த்திருக்கிற மாதிரி வெச்சுப் பாருங்க. அதோட வாயும் வலது பக்கம்தான்.

பாப்பா கண்டுபிடிச்சதுதான் எல்லாத்துலயும் பெரிய விசயம். அந்த மூணும் இளசு. கூட்டுல இருந்து இறங்கும்போது மூக்கு நேராத்தான் இருக்கும், வயசு ஏற ஏறத்தான் நடுவுல விலகும். உடம்பும் முதல்ல பழுப்பா இருக்கும். உங்க கூட்டத்துல பதினொண்ணு பெருசு, மூணு சிறுசு, கணக்கு சரியாப் போச்சு. இந்த இளசுங்களும் நத்தையை நல்லாவே தின்னுதுங்க. சந்து இல்லாமலே தின்ன முடியுதுன்னா, நத்தையைப் பிடிக்கத்தான் சந்துன்னு எப்படிச் சொல்றது?

நாத்தை மிதிக்குமான்னு கேட்டீங்க. நட்ட முதல் வாரம் மிதிக்கும். அங்கங்க பத்துப் பதினஞ்சு நாத்து சாயும். வேர் பிடிச்ச பிறகு ஒண்ணும் ஆகாது. நெல்லைத் தொடாது. விரட்டாதீங்க.

வரப்போரம்:

ஐயா, படிச்ச உடனே மண்வெட்டியைக்கூட எடுக்காம வயலுக்குப் போனேன். மகளும் கூடவே. வாய்க்கால் மடையில இருந்து மூணாவது வரப்பு வரைக்கும் பொறுக்கினோம். 26 பெரிய ஓடு, எல்லாம் முழுசு. நொறுங்கினது ஆறோ ஏழோ, அது எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு சின்னது. ரெண்டு மூடியும் கிடைச்சது, பழுப்பா, மெலிசா, பழைய சட்டைப் பொத்தான் மாதிரி. அதை நத்தையோட கதவுன்னு இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிட்டா.

ஓட்டை நிமிர்த்திப் பார்த்தேன். வலதுதான்!

இன்னும் ரெண்டு கேள்வி. கோடையில வயல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கே, அப்ப இந்த நத்தை எங்க போகுது? பறவை எங்க போகுது?

இறகு:

பெரியவரே, தோற்றேன். நேற்று இரவு தேடிப் படித்தேன். ஆறுதலுக்கு ஒன்று சொல்கிறேன்: பாக்குவெட்டி என்று நினைத்து ஏமாந்தவன் நான் மட்டுமில்லை. ஜூலியன் ஹக்ஸ்லி என்ற பெரிய ஆங்கிலேய உயிரியலாளரும் பாடம் செய்த மூக்குகளையும் பழைய குறிப்புகளையும் வைத்துப் பார்த்து அதே முடிவுக்குத்தான் வந்தார். மூக்கின் ஓரம் சொரசொரப்பாக இருப்பதை, ஓடு உடைத்து உடைத்துத் தேய்ந்த தேய்மானம் என்று எடுத்துக்கொண்டார். பின்னால் உயிருள்ள பறவைகளைக் கவனித்தவர்கள் அதை மறுத்துவிட்டார்கள். சொரசொரப்பு தேய்மானம் இல்லையாம், வழுக்குகிற ஓட்டை நழுவாமல் பிடிக்க உதவுவதாம். சந்து எதற்கு என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது: மூக்கு வளைந்திருப்பதால் நுனிகள் இரண்டும் இன்னும் சாய்வாகச் சந்திக்கும், நுனியில் அழுத்தம் கூடும். குறடு வாயைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நத்தையை அப்படியே விழுங்கும் அல்லது நசுக்கும். உங்கள் ஆறேழு நொறுங்கல் அந்தக் கணக்கு.

பெரியவர் "கண்ணால தேடுறதே இல்லை" என்றது இன்னும் சுவாரசியம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஜெர்டன் என்ற மருத்துவர், பறவை ஆர்வலர், கண்ணைக் கட்டிவிட்டாலும் இது நத்தையைப் பிடித்துவிடுகிறது என்று குறித்திருக்கிறார்.

இன்னொன்று, நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரிய வேண்டியது. அறிவியல் உலகத்துக்கு இந்தப் பறவை அறிமுகமானது புதுச்சேரியில் எடுத்த ஒரு பறவையை வைத்து. அதை வைத்து 1780இல் பிரெஞ்சுக்காரரான புஃபோன் விவரித்தார். 1783இல் போடார்ட் என்பவர் லத்தீன் பெயர் வைத்தார்: ஆசிடான்ஸ். அதற்குப் பொருள் 'கொட்டாவி விடுகிற'. வாயைப் பார்த்து வைத்த பெயர். நம் ஆட்கள் வேலையைப் பார்த்து நத்தைக்குத்தி என்று வைத்தார்கள். எனக்கு நம் பெயர்தான் பிடித்திருக்கிறது.

கட்டுக்கரை:

நான் மன்னாரில இருந்து எழுதுறன். எங்கட கட்டுக்கரைக் குளத்துப் பக்க வயலுகளிலயும் இது நிறைய. காலபோகத்துக்கு, அதுதான் மழைக்கால நெல் வெள்ளாமைக்கு, லேண்ட்மாஸ்டர் (ரெண்டு சக்கர உழவு இயந்திரம்) இறங்கினால் பின்னால வந்து நிற்கும். ஆளைக் கண்டு பெரிசாப் பயப்படாது. ஆனால் வாய் திறந்து கத்தினதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊமையோ எண்டு கேக்க நினைச்சனான், நல்லவேளை இந்தக் கதை தொடங்கிச்சுது.

பழைய லஸ்கர்:

மன்னார் ஐயாவுக்கு முதல்ல. ஊமைன்னே சொல்லலாம். நாரைச் சாதிக்குக் குரல் சரியா அமையலை. கூடு கட்டுற காலத்துல மூக்கை டக டகன்னு தட்டும், நம்ம ஏரியில அந்தச் சத்தம் கரை முழுக்கக் கேட்கும், யாரோ விறகு அடுக்குற மாதிரி. அப்பப்போ தொண்டையில ஒரு உறுமல். பாட்டெல்லாம் கிடையாது.

தம்பி கேட்டதுக்கு வர்றேன். கோடையில நத்தை எங்கயும் போகலை, உங்க வயல்லயே சேத்துக்குள்ள இறங்கி, மூடியைச் சாத்திக்கிட்டு மாசக்கணக்கா தூங்குது. மேல வெடிச்ச பாளம், கீழ அது. தண்ணி வந்து மண்ணு இளகினதும் எழுந்திரிக்கும். நீங்க தொழி ஓட்டும்போது கலப்பை அதைப் புரட்டி மேல போடுது. டிராக்டர் பின்னால கூட்டம் ஏன் வந்துச்சுன்னு இப்பப் புரியுதா? நத்தை மட்டுமில்லை, தவளை, தண்ணிப்பாம்புக் குட்டி, பெரிய பூச்சின்னு கிடைச்சதையும் எடுக்கும். ஆனா மனசு நத்தையில.

பறவை தண்ணி இருக்கிற இடம் தேடிப் போயிடும். எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியாது, இறகு சார் சொல்லட்டும். பகல் பதினோரு மணிக்கு மேல சூடு ஏறினதும் கூட்டமா வட்டம் போட்டு ஏறும், இறக்கையே ஆட்டாது, கழுத்தை அண்ணாந்து பார்த்தா பொட்டுப் பொட்டாத் தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது.

கூடு கட்டுறது நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில ஆரம்பிக்கும். மேட்டூர் தண்ணியும் வேணும், வடகிழக்கு மழையும் வேணும். ஏரிக்குள்ள நிக்கிற கருவேலமரம்தான் இதுக்கு வீடு. அடிமரம் தண்ணியில இருக்கணும். தண்ணி இருந்தா பூனை, நாய், மனுசன் யாரும் ஏற மாட்டாங்க. ஒரே மரத்துல கீழ்க்கிளையில நீர்க்காகம், பக்கத்துல பாம்புத்தாரா, கொக்கு, உச்சியில நத்தகுத்தி. பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். சுள்ளி அடுக்கி ஒரு தட்டு, அதுல ரெண்டுல இருந்து நாலு முட்டை. ஆணும் பெண்ணும் மாத்தி மாத்தி அடைகாக்கும், 25 நாள் போல. குஞ்சு இறங்க இன்னும் ஒரு மாசத்துக்கு மேல. நடுப்பகல்ல குஞ்சு வாடாம இருக்க, தாயோ தகப்பனோ இறக்கையைப் பாதி விரிச்சு அப்படியே நிக்கும். குடை பிடிச்ச மாதிரி மணிக்கணக்கா. தனக்கு வெயில் படுறதைப் பத்திக் கவலையே இல்லை.

2016ல மேட்டூரைச் செப்டம்பர்லதான் திறந்தாங்க, மழையும் ஏமாத்திடுச்சு. எங்க ஏரி நெஞ்சளவுகூட நிறையலை. அந்த வருசம் வந்துச்சுங்க, மரத்துல நாலு நாள் உட்கார்ந்துச்சுங்க, ஒரு சுள்ளிகூட எடுக்காம போயிடுச்சுங்க. நான் அப்ப ரிட்டயர் ஆகிட்டேன், இருந்தாலும் காலையில போய் அளவுக்கல்லைப் பார்த்துட்டுத்தான் வருவேன், பழக்கம். 2018 இன்னும் மோசம். தண்ணி இருந்துச்சு, கூடும் ஆரம்பிச்சாச்சு, நவம்பர் 16 கஜா புயல். விடிஞ்சு போய்ப் பார்த்தா உள்ள நின்ன கருவேலத்துல பாதி வேரோட சாஞ்சு கிடக்கு. என் வீட்டு ஓடும் போச்சு, தென்னை நாலும் போச்சு, ஆனா நான் கரையில நின்னு மரத்தைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன். வீட்டுக்காரி இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா.

அப்புறம் நின்ன மரத்துலயும், புதுசா வளர்ந்த கன்னுலயும் திரும்ப வந்துச்சுங்க. உதயமார்த்தாண்டபுரம் சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தானே? அங்கயும் இதுங்கதான் பேர் போன குடி. 2022ல ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, வடுவூரையும் அதையும் சேர்த்தாங்க. சித்திரை வைகாசியில போனா வெறும் காய்ஞ்ச தரைதான் இருக்கும், அது பாசன ஏரி. தையில போங்க.

இறகு:

தூரத்துக்கு என் பங்கு. ராஜஸ்தான் பரத்பூரில் காலில் வளையம் போட்ட ஒரு பறவை அங்கிருந்து 800 கி.மீ. கிழக்கே கிடைத்திருக்கிறது. தாய்லாந்தில் வளையம் போட்ட ஒன்று 1,500 கி.மீ. மேற்கே, வங்கதேசத்தில் கிடைத்தது. ஆக, 'உள்ளூர்ப் பறவை' என்று நாம் சொல்லுவது நம் வசதிக்கு. வடக்கே காலமும் வேறு, அங்கே ஜூலை, ஆகஸ்ட் மழையில் கூடு. மேற்கு வங்கம் ராய்கஞ்சில் குலிக் ஆற்றங்கரைச் சரணாலயத்தில் இவற்றின் மிகப்பெரிய காலனி ஒன்று இருக்கிறது.

தாய்லாந்து விவசாயிகளுக்கு இது இன்னும் நெருக்கம். தென்னமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த தங்க நத்தை அங்கே இளநாற்றைத் தின்று அழிக்கிறது. அந்த நத்தையை இந்த நாரை தின்கிறது.

வரப்போரம், குருணை மருந்தைப் பற்றி ஒன்று. மூக்குக் கோணலுக்கு அது காரணமில்லை என்பது உறுதி. ஆனால் மருந்து போட்ட வயல் நத்தையைத் தின்பதும் இதே பறவைதான். நீங்கள் போடுவதானால் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள், கடைக்காரர் சொன்ன அளவுக்கு வேண்டாம்.

வரப்போரம்:

இந்த வருசம் மருந்தே போடலை அண்ணே, காசும் இல்லை என்பது உண்மைக் காரணம்.

அப்பாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். கோணல் நுனி, வலது பக்க வாய், குடை பிடிக்கிறது, எல்லாம். முழுக்கக் கேட்டுட்டு, "அதான் அன்னைக்கே சொன்னேனே, அப்படித்தான்னு"ங்கிறார்.

லஸ்கர் ஐயா, தை மாசம் மகளைக் கூட்டிக்கிட்டு ஏரிக்கு வரலாமா?

பழைய லஸ்கர்:

வாங்க தம்பி. அறுவடைக்கு முன்னால வந்திடுங்க, அப்புறம் உங்களுக்கு நேரம் இருக்காது. காலையில ஏழு மணிக்குள்ள கரைக்கு வந்தா குஞ்சுக்கு ஊட்டுறதைப் பாப்பா பார்க்கலாம். வாயில ஊட்டாது, தொண்டையில இருந்து கூட்டுத் தட்டுல கக்கும், குஞ்சு பொறுக்கித் தின்னும். கரையில இருந்தே தெரியும், மரத்துக்கிட்ட போக வேண்டாம், கிட்டப் போனா பெருசு எழுந்திரிக்கும், அந்த நேரத்துல காக்கா வந்து முட்டையைத் தூக்கிடும். பட்டாசுச் சத்தம் கூடவே கூடாது.

மூக்கு நேரா இருக்கிற குஞ்சை அவளே காட்டட்டும், எனக்கு இப்ப கண்ணு அவ்வளவு தூரம் எட்டலை. புதுச் சட்டை போட்டுக் கூட்டிட்டு வராதீங்க. மேல ரெண்டு மூணு நூறு பறவை உட்கார்ந்திருக்கும், கரையோரக் கிளை தாழ்வு.